பஹ்மியின் கழுத்து

பஹ்மியை நல்ல மனிதர் என்று கல்முனையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிடிவாதக்காரர் என்பார்கள், முகம் கொடுத்துக் கதைக்காதவர் என்பார்கள். இரண்டும் உண்மைதான். கழுத்து வலிக்கிற மனிதன் சிரிப்பதற்கும் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கராஜில் அவருக்குப் பிறேக் பரிசோதிக்கும் வேலை. வருடாந்தம் பிட்னஸ் சான்றிதழ் எடுக்க வரும் வேன், லொறி எல்லாவற்றையும் வீதிக்குக் கொண்டுபோய், வேகம் பிடித்து, பிறேக்கை ஒரே மிதியாக மிதிப்பார். எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்த சிறிய மீற்றர் காட்டும். ஒவ்வொரு மிதிக்கும் தலை முன்னே போய்ப் பின்னே வரும். இருபது வருடத்துக்கு மேலாக அப்படிப் போய் வந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்து, இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. காலையில் மனைவி சிபானாதான் சட்டைக்குத் தெறி பூட்டிவிடுகிறாள். இப்படியே போனால் கை முழுவதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு என்ன வேலை செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

போன வருடம் முதலாளி றோலர் மெஷின் பூட்டினார். முன்சில்லு இரண்டையும் உருளைமேல் ஏற்றினால் உருளை சில்லைச் சுற்றும். நின்ற இடத்திலேயே பிறேக்கை அளக்கலாம். தலை அசையாது. ஆனால் நாலு சில்லும் இழுக்கும் வேன்களை அதில் ஏற்ற முடியாது. முன்சில்லைச் சுற்றினால் வண்டிக்கு அடியில் ஓடும் சாப்ட் என்ற இரும்புத் தண்டு பின்சில்லையும் சுற்றும். தரையில் நிற்கும் பின்சில்லு வண்டியை உருளையை விட்டுத் தூக்கி எறிந்துவிடும். அந்த வேன்களுக்கு இன்றைக்கும் வீதிதான். தவறினால், திருத்திக் கொண்டுவந்த பிறகு மறுபடியும் வீதிதான்.

இதற்குள் ஒரு குழப்பமும் உண்டு. பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் எண்ணெய் மிச்சம் பிடிக்க அந்தச் சாப்டைக் கழற்றி வீட்டு மூலையில் போட்டார்கள். பெற்றோல் வந்ததும் சிலர் திரும்பப் பூட்டினார்கள், சிலர் மறந்துவிட்டார்கள், சிலர் வேனையே விற்றுவிட்டார்கள். எந்த வேனில் சாப்ட் இருக்கிறது என்பது குனிந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

அன்று சுபைறா வந்தாள். மருதமுனைக்காரி, பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிறவள்.

“சாப்ட் கழட்டின வேன்தான் காக்கா. றோலர்லயே ஏத்துங்க.”

“ஆரு செல்லின?”

“வித்தவருதான். ஒலுவில் ஆள்.”

“நீங்க குனிஞ்சு பாத்தீங்களா?”

“நான் ஏன் குனியிற? அதுக்குத்தானே நீங்க இரிக்கிங்க.”

அவளை நம்பிவிட பஹ்மிக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையே அவரைக் கீழே பார்க்கவும் வைத்தது. மட்டையொன்றை விரித்து வேனுக்கு அடியில் படுத்தார். சாப்ட் இருந்தது. கிறீஸ் பூசி, நட்டெல்லாம் இறுக்கி, ஒழுங்காக இருந்தது. இல்லை என்று சொன்னாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. உருளையை மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். படுத்திருக்கையில் கழுத்து வலிக்கவில்லை. அதற்காகவும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

“என்ன காக்கா, நித்திரையா?”

“சாப்ட் இரிக்கி புள்ள. றோட்டுக்குப் போவம்.”

“நாளைக்கு விடிய புள்ளைகள ஏத்தணும், கெதியா முடிச்சுத் தாங்க.”

கடற்கரை வீதியில் மணல். பிறேக் பிடித்தால் வண்டி வழுக்கும். வீரமுனைப் பக்கம் போகும் வயல் வீதிதான் நேரானது. அறுவடைக் காலம் என்பதால் அதன் இடது ஓரம் முழுவதும் நெல் காயப் போட்டிருந்தார்கள். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்ற வயற்காரர் சீனிமுகம்மது குரல் கொடுத்தார்.

“என்னடா பஹ்மி, பிறேக் பாக்க வந்தியா, நெல்லுக் குத்த வந்தியா?”

பஹ்மி கழுத்தைத் தடவுவதைச் சுபைறா பார்த்துவிட்டாள்.

“நான் மிதிக்கிறன் காக்கா. நீங்க மீற்றரப் பாருங்க.”

சம்மதித்தார். அவள் வேகம் பிடித்தாள், மிதித்தாள். வேன் பதமாக வந்து நின்றது. மீற்றரில் இலக்கம் ஏறவேயில்லை. மறுபடியும் அப்படித்தான்.

“காலுக்குக் கீழ கோழிக்குஞ்சு கிடக்கிற மாதிரி மிதிக்கிறீங்க.”

“என்ட வேன் காக்கா. மனம் வருதில்ல.”

யாருக்கும் வருவதில்லை. தன் வண்டியை முழுப் பலத்தோடு மிதிக்கும் மனிதரை அவர் இதுவரை கண்டதில்லை. இறங்கி, இடம் மாறி உட்கார்ந்தார். வேகம் பிடித்தார். பிஸ்மி சொல்லி மிதித்தார்.

தோளிலிருந்து விரல் வரைக்கும் நெருப்பு ஓடியது. வேன் தானாகவே இடது பக்கம் திரும்பி நெல்லுக்குள் ஏறி நின்றது.

“ஒவ்வொரு மணியாப் பொறுக்கித் தாடா!” என்று சீனிமுகம்மது சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

சுபைறா மீற்றரைப் பார்த்தாள். “இது காணும்தானே? பாஸ்தானே காக்கா?”

இலக்கம் போதும். அரும்பொட்டில், மயிரிழையில்தான் போதும். பாஸ் என்றால் இதோடு முடிந்தது. இல்லை என்றால் இன்னொரு மிதி. மூன்றாவது விரலும் இப்போது மரத்துக்கொண்டு வந்தது.

“இடப்பக்கம் இழுக்குது. வலது முன்சில்லு பிடிக்குதில்ல.”

“நான் ஓடக்குள்ள ஒருநாளும் இழுக்கல்லயே.”

“நீங்க மிதிக்கிறல்லயே. மாடு குறுக்கால வந்தா மிதிப்பீங்க. அப்ப புள்ளைகளோட வாய்க்காலுக்குள்ள போகும்.”

“கல்லு மனசு காக்கா உங்களுக்கு.” அவள் கண் கலங்கியது. மேற்கொண்டு வாதாடாமல் இறங்கிப் போய் மெக்கானிக்குக்குப் போன் எடுத்தாள். பஹ்மி வேனைப் பின்னுக்கு எடுத்து, குந்தி இருந்து சிதறிய நெல்லை வலது கையால் கூட்டினார். சீனிமுகம்மது ஏசி முடித்துவிட்டுத் தானும் கூட்டினார்.

சுபைறா திரும்பி வந்தாள். “பின்னேரம் அஸருக்கு முந்திச் செஞ்சு தாறானாம். பொறகும் இஞ்சதான் வரணுமா?”

“ஓம்.”

“நீங்கதான் மிதிக்கணுமா?”

“வேற ஆரு?”

அவருடைய இடது கை மடியில் கிடப்பதை அவள் பார்த்தாள்.

“பக்கத்துல இரிங்க. கராஜ் வரைக்கும் நான் ஓடுறன்.”

அவள் குழிகளை விலக்கி மெல்ல ஓட்டினாள். பஹ்மி தலையை இருக்கையில் சாய்த்துக் கண்ணை மூடினார். மத்தியான லுஹர் பாங்கே இன்னும் சொல்லவில்லை. அஸருக்கு நேரம் கிடந்தது.