தனியாக வைத்த பிரஷ்

ஈர ஆட்டின் வாடை உங்களுக்குத் தெரியுமா? மழையில் நனைந்த ஆடுகள் சுவரோரம் ஒதுங்கி நிற்கும்போது வருமே, அதுதான். நான் ஆடு வளர்க்கவில்லை; கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். பவுடர் ஒற்றுகிற பெரிய பிரஷ்ஷில் இருப்பது ஆட்டு ரோமம். எத்தனை வாசனை ஷாம்பு போட்டாலும் தண்ணீர் பட்டதும் அது தன் பூர்வீகத்தைச் சொல்லிவிடும். இன்று காலை பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து பிரஷ்களைக் கழுவ ஆரம்பித்தேன். இரண்டாவது பிரஷ்ஷிலேயே அந்த வாடை வந்துவிட்டது. வழக்கமாக எனக்குச் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

காரணம் இருக்கிறது. நாளை மறுநாள் நான் மேக்கப் போட வேண்டிய பெண்ணின் பெயர் சங்கரி. ஊர் பனவடலிசத்திரம். போன மாதம் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் கோமதியோட தங்கச்சி பேசுதேன். எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதான மேக்கப் போட்டிய? எனக்கும் நீங்கதான் போடணும்னு அம்மா சொல்லிட்டா."

அவளே தொடர்ந்தாள். "அக்காவுக்கு அப்படி ஆனப்ப ஊர்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கலையாம். நீங்க மட்டும் வீடு தேடி வந்தியளாமே. அம்மா இப்பவும் அதச் சொல்லிக்கிட்டே இருப்பா."

"வாரேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வேறு எதையாவது சொல்லிவிட்டு வருவதில் நான் கெட்டிக்காரி. அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் பிரஷ் பெருமையைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் ரோமம் துடைப்பக் குச்சியாகிவிடும். அதனால் குடிக்கிற நல்ல தண்ணீரைத்தான் எடுப்பேன். வெதுவெதுப்பாக்கி, குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்புவை உள்ளங்கையில் விட்டு, பிரஷ்ஷை அதில் வட்டமாகச் சுழற்றுவேன். ரோமத்தையும் கைப்பிடியையும் சேர்க்கிற தகர வளையத்துக்குள் தண்ணீர் போகக்கூடாது, போனால் பசை விட்டு முடி உதிரும். அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை விடமாட்டேன். பிறகு துண்டில் ஒற்றி, நுனியை விரலால் கூட்டி, மேசை ஓரத்தில் படுக்க வைப்பேன். வெயில் ஆகாது. நிற்கவும் வைக்கக்கூடாது. ஒரு பகல், ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். "நம்ம பிள்ளையைக்கூட நீ இப்படிக் குளிப்பாட்டுனதில்ல" என்பார் வீட்டுக்காரர். உண்மைதான்.

இந்த அக்கறையெல்லாம் என் கூடப் பிறந்தது இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் மெர்சியும் சேர்ந்து கோயில் போகிற ரோட்டில் ஒரு மாடி அறையில் பார்லர் வைத்திருந்தோம். இரண்டு பேரும் ஒரே வயது; திருநெல்வேலியில் மூன்று மாத கோர்ஸ் ஒன்றாகப் படித்தவர்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரஷ் செட். கை வேலையில் நான் கெட்டிக்காரி, சுத்தத்தில் மெர்சி. அவள் எதைத் தொட்டாலும் முதலில் துடைப்பாள். பைபிள் அட்டையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் திறப்பாள் என்று கேலி செய்வேன். அவள் கோபப்படமாட்டாள், அதையும் ஒரு தடவை துடைத்துக் காட்டுவாள்.

ஆவணியில் ஒரு நாள் இரண்டு கல்யாணம் ஏற்றுக்கொண்டோம். ஒன்று இங்கேயே, சங்கரன்கோவில் மண்டபத்தில், ஏழரை மணி முகூர்த்தம். இன்னொன்று பத்தரைக்கு, பனவடலிசத்திரத்தில். முதல் பெண்ணை மெர்சி பார்த்தாள், நான் கூட நின்றேன். அந்தப் பெண்ணுக்கு உதட்டோரம் ஒரு புண்; தேன் காய்ந்த மாதிரி மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தது. மெர்சி ஒரு சின்னத் தட்டைப் பிரஷ்ஷால் அதை மட்டும் கிரீம் வைத்து மறைத்தாள். மறைத்த கையோடு அந்தப் பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டி, இத மத்ததோட சேக்காத. தனியா வை. வீட்டுக்குப் போயி வெந்நில கழுவிக்கிடலாம்."

மற்றவற்றை ஸ்பிரிட்டில் துடைத்தோம். மெர்சிக்கு அந்தப் பெண்ணின் தலை அலங்காரமும் சேலைக் கட்டும் பாக்கி இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆட்டோவில் கிளம்பினேன். பாதி வழியில்தான் ஸ்பிரிட் பாட்டில் மெர்சி பையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. அதற்கென்ன, எல்லாம் துடைத்தாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

பனவடலிசத்திரத்துக் கல்யாணப் பெண்தான் கோமதி. நல்ல மாநிறம், கண்ணிலேயே சிரிக்கிற முகம். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கிடை. முன் அறையில் கால் வைக்க இடமில்லாமல் பொம்பளைகள் கூட்டம். டவுன்காரி மேக்கப் எப்படிப் போடுகிறாள் என்று பார்க்க வந்தவர்கள். வீடியோக்காரர் வேறு கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பிரஷ்ஷாக எடுத்து டாக்டரம்மா மாதிரி வரிசை வைத்தேன்.

கோமதியின் தாடையில் நகம் பட்ட கீறல் ஒன்று இருந்தது. மிகச் சின்னது. அதை மறைக்க விரலே போதும். ஆனால் கேமரா பார்க்கிறது, இத்தனை பேர் பார்க்கிறார்கள், விரலால் பூசினால் என்ன நினைப்பார்கள்? தட்டைப் பிரஷ் என்னிடம் அது ஒன்றுதான். காகிதத்தைப் பிரித்தேன். கொல்லைக் குழாயில் அரை நிமிஷம் காட்டினேன். சோப்புக்கூடப் போடவில்லை. சேலை முந்தானையில் ஒற்றிக்கொண்டு வந்து, கிரீமைத் தொட்டு அந்தக் கீறல் மேல் வைத்தேன்.

"அக்கா, பிரஷ்ஷு ஈரமா இருக்கே" என்றாள் கோமதி.

"அது ஸ்பிரேம்மா. மேக்கப் கலையாம இருக்கதுக்கு."

அவள் என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று போட்ட மேக்கப் மாதிரி அழகாக நான் அதற்குப் பிறகு யாருக்கும் போட்டதில்லை. கூட்டமே சொன்னது.

சாயங்காலம் மெர்சி கேட்டாள். "தனியா வச்ச பிரஷ்ஷ எங்கட்டி?"

"நுனி பிஞ்சிட்டு. தூக்கிப் போட்டுட்டேன்."

ஒரே நாளில் இரண்டாவது பொய். அந்தப் பிரஷ் மறுபடி காகிதத்தில் சுற்றி என் பெட்டியின் அடியில்தான் கிடந்தது. எடுத்துக் கழுவ ஏனோ கை வரவில்லை.

எட்டு நாள் கழித்து, பூக்கார அம்மா படியேறி வந்து சேதி சொன்னாள். சிவகிரியில் புகுந்த வீட்டில் கோமதிக்கு முகமெல்லாம் புண்ணாம். தாடையில் ஆரம்பித்து வாய், மூக்கு வரைக்கும் ஏறிவிட்டதாம். மஞ்சளாகப் பொருக்குக் கட்டுகிறதாம். அவள் "மஞ்சளா" என்று சொன்னதும் முதல் கல்யாணப் பெண்ணின் உதட்டோரம் ஞாபகம் வந்தது. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மெர்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமியார் வீட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். நாக தோஷம். "ஜாதகத்த மாத்திக் குடுத்து ஏமாத்திட்டாவ" என்று மாமியார் தெருவில் நின்று சொன்னாளாம். குணமாகட்டும் என்று பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண்தான் முதல் மருந்து. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு, வேனல் கட்டிக்கு நானே பூசியிருக்கிறேன். குற்றம் மண்ணில் இல்லை. இது இன்னொரு முகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த புண், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்.

சொல்லத்தான் போனேன், நம்புங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கோமதி உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கச் செம்மண் நிறத்தில் புற்றுமண் காய்ந்து வெடித்திருந்தது. நான் தொட்டு எழுதிய முகம் அதற்கு அடியில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கொல்லையில் ஆடுகள் நனைந்து நின்றன, அன்று தூறல். அந்த வாடை வீடெல்லாம் இருந்தது.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எந்தக் காலத்துல எந்தப் பாம்ப யாரு அடிச்சாவளோ, எம்பிள்ள மூஞ்சில வந்து நிக்கு. நீ எவ்வளவு அழகா ஆக்கி வச்ச மக்கா! யாரு கண்ணு பட்டுதோ."

நான் வாயைத் திறந்தேன். "சரியாப் போயிரும்மா" என்றுதான் வந்தது. கிளம்பும்போது கோமதி சுவரிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"அன்னிக்கு மூஞ்சில வச்சப்ப ஜில்லுன்னு இருந்திச்சுக்கா."

கல்யாண நாளை நினைத்துப் பேசுகிறாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்புகிற பஸ்ஸில் அதையும் மனப்பாடம் செய்தேன்.

புண் ஒன்றரை மாதத்தில் ஆறிவிட்டது. தாடையில் ஒரு சின்னக் கறுப்பு, அவ்வளவே. ஆனால் தோஷக்காரி என்ற பெயர் ஆறவில்லை. சிவகிரியிலிருந்து கூப்பிட வரவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பையனுக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. கோமதி பிறந்த வீட்டோடு தங்கிவிட்டாள். சங்கரிக்கும் இந்தப் பேச்சினாலேயே நாலைந்து வரன் தட்டிப்போனதாகக் கேள்வி. மூன்று பரிகாரம் செய்த பிறகுதான் இந்த இடம் அமைந்திருக்கிறது. முந்தாநாள் போனில் பேசும்போது சங்கரியிடம் கேட்டேன், "அக்கா பக்கத்துல இருப்பால்லா?"

"இல்லக்கா. அவ பின்னாடி ரூம்ல இருந்துக்கிடுவா. நல்ல காரியத்துல முன்ன வந்து நிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டா."

அதைக் கேட்டுவிட்டும் நான் "சரிம்மா" என்றுதான் சொன்னேன். மெர்சி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவள் எதையும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் சிவகிரிச் சேதி வந்த நாளுக்குப் பிறகு என்னோடு சேர்ந்து பிரஷ் கழுவ அவள் உட்கார்ந்ததே இல்லை. தனித்தனியாகத்தான் கழுவினோம்.

இன்று காலை பாதிப் பிரஷ்களை அலசி முடித்திருந்தபோது மறுபடி போன் அடித்தது. ஷாம்பு நுரையோடு எடுத்தேன். சங்கரிதான். பின்னால் மைக்செட் கட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, மறந்தே போயிட்டேன். எங்க அக்கா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா."

"என்னம்மா?"

"பிரஷ்ஷெல்லாம் நல்லாக் காஞ்சிருக்கான்னு கேக்கச் சொன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஏன் எதுக்குன்னு கேட்டா, நீ அத மட்டும் கேளு, அவுகளுக்குத் தெரியும்னு சொல்லுதா."

குழாய் திறந்தே இருந்தது. நல்ல தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டி அதை மூடினேன்.

"நானே வந்து அவகிட்ட சொல்லுதேன்னு சொல்லு" என்றேன். "நாளைக்கே வாரேன். அம்மாவையும் கூட இருக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டு, பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். காகிதம் பழுத்து, தொட்டதும் பொடிந்தது. உள்ளே அந்தத் தட்டைப் பிரஷ், நுனியில் பழைய கிரீம் கல்லாகக் காய்ந்திருந்தது. கழுவவில்லை, அப்படியே ஒரு உறையில் போட்டு மற்றவற்றோடு சேர்க்காமல் கைப்பையில் வைத்தேன். எங்கள் மாடிப் பார்லர் இப்போது செல்போன் உறை விற்கிற கடை. அந்த முதல் செட்டில் மற்ற பிரஷ்கள் முடி உதிர்ந்து எப்போதோ குப்பைக்குப் போயின. 'கோமதிக்கு ஒன்றும் தெரியாது' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். இன்று காலையோடு அதுவும் போய்விட்டது.