தண்ணீர் வண்டிக்கு வந்த குதிரை

கவரைப்பேட்டைக்கு மேற்கே இருந்த சின்னப் பெருமாள் கோயிலின் நந்தவனத்தைத் தேவராஜன் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துவந்தார். திருவள்ளூர்க்காரர். துளசி, மல்லிகை, மருக்கொழுந்து, இவற்றுக்குத் தண்ணீர், இதற்கு மேல் உலகத்தில் வேறு தொல்லை வேண்டாம் என்று இருந்தவர். 1971 தை மாதத்தில் தண்ணீர் வண்டி இழுத்த காளை செத்துப்போனது. தொல்லை அங்கே ஆரம்பித்தது.

நந்தவனத்துக் கிணறு பங்குனிக்குள் வற்றிவிடும். அப்புறம் அரை மைல் தள்ளியிருக்கும் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து பீப்பாய் வண்டியில்தான் தண்ணீர் வரவேண்டும். விஷயம் தெரிந்து புதுவாயல் பக்கத்து விவசாயி ராஜமாணிக்கம், ஒரு வேண்டுதலைச் சொல்லிக் குதிரை ஒன்றைக் கோயிலுக்கு ஓட்டிவந்தார். சென்னையில் ஏலத்துக்கு வந்த கனத்த சீமைக் குதிரைக்கும் நாட்டுக் குதிரைக்கும் பிறந்தது. காயடித்த ஆண். மூன்று வயது. கழுத்து ஒரு தூண் கனம்.

"இன்னா சாமி, யானையாட்டம் நிக்குது பாருங்க. நாளைக்கே பூட்டலாம்" என்றார் ராஜமாணிக்கம். தன் வீட்டுச் சுவரை அது இரண்டு தடவை உதைத்துத் தள்ளியதை அவர் சொல்லவில்லை.

கோயில் நிர்வாகத்தைப் பார்த்த எம்பார் கயிற்றை வாங்கித் தேவராஜன் கையில் கொடுத்தார்.

"குதிரைக்கு ஆள் யார்?" என்று கேட்டார் தேவராஜன்.

"நீர்தான் இருக்கீரே. செடியை வளக்கறவருக்கு இது ஒரு கஷ்டமா?"

தேவராஜன் ஸ்டேஷன் வாசலுக்குப் போய் ஜட்கா ஓட்டும் அருணாச்சலத்தைக் கூட்டிவந்தார். அருணாச்சலம் குதிரையின் பல்லைப் பார்த்தார், முட்டியைத் தடவினார், பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

"நான் பழக்க மாட்டேன் சாமி. ஒரு ஒதை வாங்கினா என் பொழப்பு போச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. ஒடம்புதான் பெருசு, இது கொழந்த. எலும்பு இன்னும் கெட்டியாவல. இப்பவே பாரம் கட்னா முட்டி போய்டும். தெனம் நடத்துங்க, கொஞ்ச நேரந்தான். நேர் பின்னால மட்டும் நிக்காதீங்க. அவசரப்பட்டா நமக்குத்தான் பேஜாரு."

அன்று முதல் விடிந்ததும் தேவராஜன் குதிரையோடு நடந்தார். நடந்தார் என்பதைவிட இழுபட்டார் என்பது சரி. ஆலைச் சங்கு ஊதினால் அது பக்கவாட்டில் குதித்தது. கல்கத்தா ரோட்டில் லாரி போனால் வயலுக்குள் இறங்கியது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் நின்று, "இன்னா சாமி, நீங்க அத்த இட்டுக்கினு போறீங்களா, அது உங்கள இட்டுக்கினு போவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

போதாததற்கு, பெருமாள் குதிரை என்று சேவிக்க வந்தவர்கள் அதற்குக் கொள்ளும் வெல்லமும் ஊட்டினார்கள். வேலையில்லாத உடம்பில் அத்தனை கொள்ளும் துள்ளலாக மாறியது. தேவராஜன் லாயக் கதவில் தடுப்பு கட்டினார். முத்தம்மா என்ற பூக்காரி தடுப்பின் மேலாகக் கையை நீட்டிக் கொடுத்தாள்.

"கொடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பாவம் சாமி, பாத்துக்கினே இருக்குது."

அடுத்தது நீளக் கயிறு. முகக்கயிற்றின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று கட்டி, உதை எட்டாத தூரத்தில் பின்னால் நடந்து, திரும்பவும் நிற்கவும் பழக்க வேண்டும். முன்னால் தலைக்கயிறு பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அவர் மனைவி கோமளவல்லி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அதனிடம் பயமே இல்லை. "சும்மா இரு" என்றால் சும்மா இருந்தது. இதுவும் தேவராஜனுக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் நிற்கச் சொல்ல, வாய்க்கு வந்த சொல் "ஓய்". குதிரை அதை மட்டும் பிசகாமல் கற்றுக்கொண்டது. அக்ரகாரத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் வார்த்தையே அதுதான். யாரோ யாரையோ "ஓய்" என்று கூப்பிட, குதிரை நடுத்தெருவில் நின்றுவிடும். மறுபடி அதைக் கிளப்பப் பத்து நிமிஷம்.

சித்திரைக்குள் வெறும் பனங்கட்டையை இழுக்கும் அளவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. அதுவரை பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். எம்பாருக்குப் பொறுக்கவில்லை.

"எப்போ ஓய் பூட்டப் போறீர்? பாக்கறவா சிரிக்கறா."

"அடுத்த வருஷம்."

"குதிரைக்கா, உமக்கா பயம்?"

தேவராஜன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த வாரம் திருவள்ளூரில் தங்கை அரவிந்தவல்லி வீட்டுக் கல்யாணத்துக்கு மனைவியோடு போனார். இரண்டே நாள். திரும்பி ஸ்டேஷனில் இறங்கும்போதே அருணாச்சலம் காத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பூட்டிட்டாங்க."

உற்சவத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக் காட்ட எம்பார் ஆசைப்பட்டிருக்கிறார். ஆட்களை வைத்துக் குதிரையை வண்டியில் பூட்டி, பீப்பாயில் பாதி தண்ணீர் ரொப்பியிருக்கிறார்கள். கனம் குறைவாக இருக்கட்டும் என்ற கருணை. பாதி பீப்பாய்தான் மோசம். நாலடி போனதும் உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் அறைந்து, வண்டி குதிரையின் பின்புறத்தில் இடித்திருக்கிறது. தன்னைத் துரத்துவது தன்னோடு கட்டியிருக்கிறது என்று அதற்கு எப்படிப் புரியும்? ஓட்டமெடுத்தது. வண்டி ராஜமாணிக்கத்தின் மச்சான் வயலில் குப்புறக் கிடந்தது. யாருக்கும் அடியில்லை. குதிரையின் பின்னங்காலில் ஒரு சாண் நீளம் தோல் கிழிந்திருந்தது.

தேவராஜன் வேட்டியில் பயணத் தூசியோடு நேராக எம்பார் முன் போய் நின்றார். கத்த வேண்டும் என்றுதான் போனார்.

"நாலு மாசம்" என்றார். மறுபடி, "நாலு மாசம், ஸ்வாமி" என்றார்.

எம்பார் தரையைப் பார்த்தார். "சாது மாதிரி நின்னுது, பூட்டிட்டேன்."

"சாதுவா நிக்க வெச்சது யாரு?"

புண் ஆறுவதற்கு ஒரு மாதம். பயம் ஆற எட்டு மாதம். சக்கரம் கிறீச்சிட்டாலே குதிரைக்கு வேர்த்தது. தேவராஜன் வெறும் வண்டியைத் தானே கையால் இழுத்துக்கொண்டு லாயத்தைச் சுற்றினார். குதிரை தின்னும்போது சுற்றினார், குளிக்கும்போது சுற்றினார். சந்நிதிக்குப் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கோமளவல்லி குதிரையை வண்டிக்குப் பின்னால் நடத்தினாள், பிறகு பக்கத்தில், பிறகு முன்னால். வண்டியின் ஏர்க்கால் இரண்டும் உடம்பில் உரசுவது பழக, இரண்டு மூங்கிலை விலாவில் கட்டி நடத்தினார்கள். தோல் வார் கோயிலுக்குள் ஆகாது என்று மடைப்பள்ளியிலிருந்து மறுப்பு வந்தது. அரிசி மில்லில் கழித்துப்போட்ட கித்தான் பட்டையை வாங்கி, கோணி ஊசியால் கோமளவல்லியே மார்புப் பட்டை தைத்தாள்.

எம்பார் ஒரு தடவைகூட 'எப்போது' என்று கேட்கவில்லை. ஒரு நாள் காலை, யாரும் சொல்லாமல், தலைக்கயிறு பிடிக்க வந்து நின்றார். குதிரை அவர் காலை மிதித்தது. கட்டு போட்டுக்கொண்டு மறுநாளும் வந்தார். தேவராஜனுக்கு அவர்மேல் இருந்த கோபம் குறைந்தது, தீரவில்லை.

1972 மாசியில் ஒரு காலை, பீப்பாயை விளிம்புவரை ரொப்பி, மூடியை இறுக்கி, குதிரையைப் பூட்டினார்கள். முன்னால் கோமளவல்லி, பக்கத்தில் கயிற்றோடு தேவராஜன். ஆலைச் சங்கு ஊதியது. குதிரை காதை மட்டும் திருப்பியது. ரோட்டில் எளாவூர்ப் பக்கமாக ஒரு லாரி வரிசை போனது. நின்று, போகவிட்டு, மறுபடி நடந்தது. அரை மைலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர் துளசிப் பாத்திக்குள் இறங்கியபோது தேவராஜன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கோமளவல்லி மோர் கொடுத்தாள்.

"அதான் நன்னா இழுத்துடுத்தே. அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுண்டிருக்கேள்?"

"நாளைக்கும் இழுக்கணுமே" என்றார் தேவராஜன்.

மறுநாளும் இழுத்தது. அதற்கப்புறம் ஒன்பது கோடை இழுத்தது. அவர் ஒரு நாளும் அதைப் பாராட்டியதாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் அதைத் தொடவோ, தின்னக் கொடுக்கவோ, பூட்டவோ யாரையும் விட்டதுமில்லை, கோமளவல்லியைத் தவிர.