மோனியா

இறால் கம்பெனியில் பத்தொன்பது வருடம் தோல் உரித்தேன். குளிர் அறைக்கு ஓடும் குழாயில் இருப்பது அம்மோனியா. நாங்கள் மோனியா என்போம். கசிந்தால் முதலில் கண் எரியும். “ஏளா, மோனியா! முந்தானய நனச்சு மூக்கப் பொத்து!” என்று யாராவது கத்துவாள். அப்படி ஒரு கசிவில்தான் என் நெஞ்சு கெட்டது. ஆஸ்பத்திரியில் பள்ளிக்கூட உடுப்போடு பக்கத்தில் இருந்தவள் என் மகள்.

அவள் இப்போது வெளிநாட்டில் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று போனில் கேட்டால், “ஒனக்குப் புரியாதும்மா” என்பாள். லீவில் வந்தவளை, அவள் படித்த கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

மகள் மேடையேறிப் பேசினாள். வானத்தில் இருட்டும் குளிருமான இடங்களில் வாயு மேகம்போலக் கிடக்குமாம். தன் பாரம் தாங்காமல் உள்ளே சரிந்து சரிந்துதான் நட்சத்திரம் ஆகுமாம். அந்தக் குளிரில் வேறு பல வாயுக்கள் தூசியில் பனியாக ஒட்டிவிடும். அம்மோனியா அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது. அது அனுப்பும் அலையை வைத்து, எவ்வளவு குளிர், வாயு எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்லிவிடலாம் என்றாள். அம்மோனியா என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், உங்களுக்கு அம்மோனியா மேல எப்படி ஆர்வம் வந்துச்சு?”

இப்போது சொல்லுவாள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“அங்க என் புரொபசர்தான் அறிமுகப்படுத்தினார்.”

அதுவும் உண்மையாக இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். ஒரு டீச்சரம்மா என்னிடம் வந்தார். “மக பேசினது புரிஞ்சுதாம்மா?”

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

“மோனியா எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர். அதுலதான் என் நெஞ்சே போச்சு.”

பக்கத்தில் நின்ற மகள் சட்டென்று சிரித்தாள். “அம்மா நிமோனியாவச் சொல்றாங்க மேடம். முன்னாடி ஒருதடவ வந்துச்சு.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் தெரியாமல் சொல்லவில்லை. வேலை விட்டு வந்த என்னிடம், “குளிச்சிட்டு வாம்மா, மோனியா நாறுது” என்று சோற்றுத் தட்டை நகர்த்திக்கொண்டு போனவள்தான்.

டீச்சரம்மா என் தோளைத் தொட்டார். “இப்ப எப்படிம்மா இருக்கு?”

மகள் டம்ளரைப் பிடித்தபடி என் வாயையே பார்த்தாள்.

“நிமோனியா சொகமாயிட்டு டீச்சர்” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது.