தண்ணிக்குப் பின்னால் நடந்தவர்

எங்கள் மலையூர் வெள்ளக்கடையில் ஒரு விடுதி கட்ட மண் தோண்டிக்கொண்டிருந்தோம். கீழே இருக்கிற ஓடையில் அழுக்கு இறங்குமா என்று சோதிக்க ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டீசல் பேரல் பக்கத்தில் வாளி வாளியாகத் தண்ணி ஊற்றச் சொல்லி, அது ஓடிய வழியிலேயே நடந்தார். எங்கள் ஊர் குடிக்கிற ஓடையில்தான் போய் விழுந்தது.

மேலே ஏறி வந்து, "தடுப்பு கட்டற வரைக்கும் வேலைய நிறுத்துங்க" என்றார்.

கான்ட்ராக்டர் மம்பட்டிக் காம்பால் அவர் மண்டையில் அடித்தார். ரத்தம் காதோரம் வழிந்தது. கீழே விழுந்தவர் எழுந்து நின்று, "நிறுத்தித்தான் ஆகணுமுங்க" என்றார். கான்ட்ராக்டர் மறுபடி ஓங்கினார். நான் கடப்பாரையால் அந்தக் கையில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

அதிகாரி என்னை முறைத்தார். "ஏனுங்க, உங்கள யாரு அடிக்கச் சொன்னாங்க? போலீசுல இதையும் சொல்லணுமுங்க."

"சொல்லுங்க. எங்க ஊட்டுல அந்தத் தண்ணிதானுங்க குடிக்கறோம்."

அவர் சொன்னார். வேலை நின்றது. என்னை ஜெயிலில் போட்டார்கள். அந்த மனுசன் மேல் கோபம் வரும் என்று உள்ளே காத்திருந்தேன். வரவில்லை.