மூக்கைப் பிடிக்காமல் அளந்த மூச்சு

1. காளை மாடு

நாகலிங்கம் எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது கப்பல் கம்பெனி ஒன்றில் சரக்கு எண்ணும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். வயது முப்பதுக்கு மேல். பினாங்கில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித்தான் நங்கூரம் போடும். கிராணி தொங்கான் என்னும் சரக்குப் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏற வேண்டும். முந்தைய வாரம் பாதி ஏணியில் அவருக்கு மூச்சு அடைத்து, உதடு நீலமாகிவிட்டது. படகுக்காரர்கள் காலைப் பிடித்து இறக்கினார்கள். அடுத்த முறை கடலில்தான் விழுவார். ஆகவே கரைக் கிடங்கில் மேசை வேலை கேட்டார். டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவா என்றது கம்பெனி.

எங்கள் டாக்டர்தான் கம்பெனிக்கும் டாக்டர். அவரிடம் ஒரு ஸ்பைரோமீட்டர் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த பித்தளை டிரம். ரப்பர் குழாயில் ஊதினால் டிரம் எழும். நுரையீரல் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று ஸ்கேல் காட்டும். லேப் வேலை பார்க்கும் நான் அடுத்த அறையில் மைக்ராஸ்கோப்பில் இருந்தேன். டிரம் உச்சியில் போய் இடித்த சத்தம் கேட்டது.

“உனக்கா மூச்சு வாங்குது? காளை மாடு லா நீ! ஏணி ஏறச் சோம்பலா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன்.”

“இல்லீங்க டாக்டர், மாடிப்படி ஏறினாலே...”

“மெஷின் பொய் சொல்லுமா?”

சர்ட்டிபிகேட் கிடையாது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா பாட்டில் மட்டும் கிடைத்தது.

2. மலேரியா என்னும் மதம்

கொயினா எதற்கு? டாக்டரின் தர்க்கத்தை வரிசையாகத் தருகிறேன். ஆள் வெளுத்து, கண் மஞ்சளாகி, மண்ணீரல் வீங்கியிருந்தால் மலேரியா. ஸ்லைடில் மலேரியாக் கிருமி இல்லாவிட்டால் ஒளிந்திருக்கும் மலேரியா. கொயினாவுக்கும் கேட்காவிட்டால் நோயாளி அதைக் குடிக்கவில்லை. இந்த மூன்றும் தெரிந்தால் போதும், பினாங்கில் டாக்டர் என்று பித்தளைப் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

நாகலிங்கத்தின் ஸ்லைடை நான்தான் பார்த்தேன். கிருமி ஒன்றுகூட இல்லை. சிவப்பணுக்கள் வெளிறி, சில கண்ணீர்த் துளி போலவும், சில நடுவில் புள்ளி வைத்த வளையம் போலவும் கிடந்தன. அம்மாவும் தம்பியும் பிறந்ததிலிருந்தே இப்படி வெளுப்பு என்று அவர் சொல்லியிருந்தார். குடும்பத்தில் இறங்கிவரும் இரத்தக் கோளாறு ஒன்றைப் பற்றிப் படித்திருந்தேன். டாக்டரிடம் சொன்னேன்.

“அது இத்தாலிக்காரன் பிள்ளைங்களுக்கு வர்றது, மிஸ். சின்ன வயசுலயே செத்துப்போகும். இவன் சாகலையே?”

சாகாததுதான் நாகலிங்கம் செய்த பிழை.

3. துணிக் கிளிப்

ஆனால் டிரம் ஏன் உச்சிக்குப் போனது? அவர் உயரத்துக்கு எந்த நெஞ்சிலும் அவ்வளவு காற்று கொள்ளாது. டாக்டருக்கு இது மகிழ்ச்சி தந்தது. எனக்குச் சந்தேகம் தந்தது. மறுநாள் டாக்டர் வெளியே போயிருந்தபோது நாகலிங்கத்தை வரச் சொன்னேன்.

“அண்ணே, வேற என்ன வேலை செய்வீங்க?”

“தைப்பூசத்துக்கு நாயனம் வாசிப்பேன் மிஸ். அப்பா சொல்லிக் கொடுத்தது.”

புரிந்துவிட்டது. நாயனக்காரர்கள் கன்னத்தில் காற்றைத் தேக்கி, வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் இழுப்பார்கள், சுரம் அறுபடாது. ஒரே ஊதலில் பல மூச்சு டிரம்முக்குள் போயிருக்கிறது. டாக்டர் டிரம்மைப் பார்த்தாரே தவிர மூக்கைப் பார்க்கவில்லை.

“வேணும்னு செய்யல மிஸ். வாயில குழாய் வந்தா மூக்கு தானா இழுக்குது. அதோட, டாக்டர் காளைன்னு சொன்னதும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு.”

துணி காயப்போடும் மரக் கிளிப்பை மூக்கில் மாட்டி ஊதச் சொன்னேன். டிரம் பாதிக்குக் கீழேயே நின்றது. மூன்று முறையும் அதேதான். வீங்கிய மண்ணீரல் நுரையீரலுக்கு இடம் விடவில்லை போலும். அவர் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எழுதாதீங்க மிஸ். மூச்சு இல்லாதவன்னு தெரிஞ்சா பூசத்துக்கு வேற ஆளக் கூப்பிட்டுருவாங்க.”

“எழுதலன்னா நாளைக்கே ஏணி.”

கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“செத்தவனையும்தான் பூசத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. எழுதுங்க.”

4. சர்ட்டிபிகேட்

டாக்டர் வந்ததும் அளவைக் காட்டினேன்.

“அப்போ நான் பாத்தது பொய்யா?”

“நீங்க பாத்தது நாதஸ்வரம், டாக்டர். இதுதான் நுரையீரல்.”

முகம் சிவந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே ஒரு முறை ஊதிப் பார்த்தார். மூக்கை விட்டு ஒரு முறை ஊதினார். அவருக்கு இரண்டும் ஒரே அளவு. இரட்டை மூச்சுக்கும் ஒரு படிப்பு வேண்டும் அல்லவா? கடைசியில் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் எழுதியது: மலேரியாவால் வந்த பலவீனம்.

நாகலிங்கத்துக்கு மேசை வேலை கிடைத்தது. மலேரியா வராதவர் இந்த ஊரில் யார்? அதனால் நாயனத்துக்கும் யாரும் வேறு ஆள் தேடவில்லை. டாக்டரின் அறியாமை ஒருவருக்கு நன்மை செய்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்த வருஷப் பூசத்தில் நாகலிங்கம் மலைக்கோயிலுக்கு ஏறவில்லை. அடிவாரத்திலேயே உட்கார்ந்து, சின்னச் சின்னதாக வாசித்தார். இடையிடையே தவில்காரர் நீளமாக வாசித்து அவருக்கு நேரம் கொடுத்தார்.

லேப் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். டாக்டரைத் திருத்துவது உங்கள் வேலை அல்ல. அது நடக்கவும் நடக்காது. அளவைத் திருத்துங்கள். ஏணியிலிருந்து ஒருவர் இறங்க அது போதும்.