இரண்டு நாள் அடுப்பு வேண்டாமென்றவள்

இல்லை, அவள் ஓடிப்போகவில்லை. அதை முதலில் எழுது. ஓடிப்போகிறவள் எதற்காக நிதானமாகத் தலையைப் பின்னி, செருப்பைத் துணியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு நாயிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள்? சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் மருமகள் ஒரு கைப்பையோடு தெருவில் இறங்கி நடந்தாள். நடந்தது அவ்வளவுதான். அதை எதிர்வீட்டுத் தையற்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மாமியார் கொடுமை தாங்காமல் மருமகள் புருஷனையும் பெண்ணையும் விட்டுப் போய்விட்டாள், பாவம் அழுதுகொண்டே போனாள் என்று தெருமுனை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டும். என் மருமகள் கண்ணில் தண்ணீர் நின்றது மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரிந்ததாம்.

மறுநாள் பொழுது சாயும்போது, மூக்குத் தோல் வெயிலில் உரிந்து, எங்கள் எல்லோரோடும் ஒரே வண்டியில் அவள் வந்து இறங்கினாளே, அது எந்த ஜன்னலுக்கும் தெரியவில்லை. என்னைக் கொடுமைக்காரி என்று சொன்னதை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். அவளைப் பற்றி வாயில் போட்டு மெல்லுகிறார்களே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். நீ பேனாவைக் கடிக்காமல் எழுது. உன் அம்மாவைப் பற்றிக் குறையாக ஒன்றும் வராது. வந்தாலும் அது என் குறையாகத்தான் இருக்கும்.

அவளுக்கு வேலை பெயிண்ட் கம்பெனி கேன்டீனில். இருநூற்று நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு. அவள் கையில் இருக்கிற கரண்டி என் முழங்கை நீளம். அண்டாவின் மூடியைத் திறக்காமலே, மேலே புறங்கையைக் காட்டி, இன்னும் எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று சொல்லிவிடுவாள். சங்கு ஊதியதும் முதல் பந்தி, அரை மணி கழித்து இரண்டாவது பந்தி. அதற்குப் பிறகு அண்டாவின் அடியில் இருப்பது அவளுக்கு. கேன்டீனில் நாற்காலி எல்லாம் சாப்பிட வருகிறவர்களுக்கு. சமைக்கிறவளுக்கு எங்கே? நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிவிட்டாள். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, சமையல் மேடையின் ஓரத்தில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை அடுப்பின் மேல் வைத்தபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். விருந்துக்கு எங்கேயாவது போனாலும் யாராவது ஒருத்தி வந்து, "உப்பு மட்டும் ஒரு வாய் பாரேன்" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பத்தொன்பது வருஷமாக நான் அவளுக்கு மாமியார். அவள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்தது எத்தனை தடவை என்று கேட்டால் விரலை மடக்கக்கூட வேலையில்லை.

கேன்டீனில் புகைபோக்கி மாற்றுவதற்காகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடப்போகிறார்கள் என்று ஒருநாள் வந்து சொன்னாள். சொல்லும்போதே முகம் பளிச்சென்று இருந்தது. மூன்று மணி நேரத்தில் போகிற தூரத்தில் ஒரு கடற்கரை ஊர் இருக்கிறதாம், எல்லோரும் போகலாம் என்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் சொன்னபோது நான் அங்கேயேதான் இருந்தேன்.

"ரெண்டு நாளும் நான் அடுப்புப் பக்கம் போகமாட்டேன். யாரோ சமைக்கணும், யாரோ கொண்டுவந்து என் முன்னால வைக்கணும். நான் உட்கார்ந்து சாப்பிடணும். வேற எதுவும் வேண்டாம்."

என் மகன் சிரித்துக்கொண்டே சரி என்றான். நானும் சரி என்றேன். என் மகளும் தன் குழந்தையோடு வருகிறேன் என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளைப் பார்க்க வேண்டுமே! துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரி டிரைவர்கள் அந்தக் கேன்டீனில்தான் சாப்பிடுவார்கள். அவர்கள் தட்டில் சோற்றைப் போடும்போதே அந்த ஊரில் எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும் என்று கேட்பாளாம். கேள்வி ஒன்றாக இருக்கும், பதில் நாலு பேரிடமிருந்து வரும். பின்னால் வரிசை நகராமல் மேஸ்திரி கத்துவாராம். இப்படி விசாரித்ததில் ஒரு மாடிக் கடை தெரியவந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கடல் தெரியும், மீனை நம் கண் முன்னாலேயே பொரித்துக் கொண்டுவந்து வைப்பார்கள்.

பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டம் முழுவதையும் எழுதினாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் படம் போட்டாள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு ஒரு மீன். சாயங்காலத்துக்கு ஒரு படகு, அதற்குள் ஆறு தலை, அதில் கொண்டை போட்டது நான். ராத்திரிக்கு ஒரு தட்டும் ஆவியும். ஞாயிறு காலைக்கு ஒரு ரொட்டி. பிறகு கலங்கரை விளக்கம். அதன் அடியில் ஒரு நாற்காலி வரைந்திருந்தாள். இது எதற்கு என்று கேட்டேன். என் முட்டிக்கு அத்தனை படி ஏற முடியாதாம், நான் கீழே காற்றாட உட்கார்ந்திருக்க வேண்டுமாம், அங்கே நாற்காலி உண்டா என்றுகூட விசாரித்துவிட்டாளாம். அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானத்துக்கு இன்னொரு தட்டு. அந்தத் தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தாள். பெற்ற பெண்கூட எனக்காக இவ்வளவு யோசித்ததில்லை. அந்தப் பெண்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"அண்ணி, குழந்தைக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது. காலைல மட்டும் கொஞ்சம் கஞ்சி வெச்சுக் கொடுத்துடுங்களேன். ஒரே ஒரு அடுப்பு இருந்தா போதும்."

என் மகன் பம்பு மெக்கானிக். எதையும் சுலபமாக முடிக்கிறேன் என்று கிளம்புகிறவன். உடனே லாட்ஜ் அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சமையலறையோடு இருக்கிற சிநேகிதன் வீட்டைக் கேட்டு வாங்கினான். ரொட்டியை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பானை வரைந்தான். அவனுக்கு வரையவும் வராது. பானை ஹெல்மெட் மாதிரி இருந்தது. அடுப்புதான் இருக்கிறதே, ராத்திரி கூட்டத்தில் போய் எதற்கு நிற்க வேண்டும், ரெண்டு முட்டையைப் பொரித்துச் சோறு வடித்தால் முடிந்தது என்று ராத்திரித் தட்டையும் அடித்தான். இரண்டாவது ஹெல்மெட்.

மூன்றாவது என்னால் வந்தது. பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது. என் பல்லுக்குப் பொரித்த மீன் சரிப்படாது, மத்தியானம் எனக்குக் கொஞ்சம் குழைய வடித்த சோறு இருந்தால் போதும் என்று நான்தான் சொன்னேன். எனக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுப்பு மூட்டினால் எல்லோருக்கும்தானே வேகும்? மீன் போயிற்று. கிளம்புகிற நாள் அவசரத்துக்கு என்று ஞாயிறு மத்தியானமும் போயிற்று.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளைப் பார்த்தேன். எழுத்துத் தெரியாத எனக்கே புரிந்தது, நாலு வேளைக்கும் நாலு பானை. அன்றைக்குச் சாப்பிடும்போது என் மகன் இன்னொன்றையும் சொன்னான். "சமைக்கிற நேரத்துல நாங்க லைட் ஹவுஸ் பார்த்துட்டு வந்துடுவோம். உனக்கும் தொந்தரவு இருக்காது."

சமையல் மேடை ஓரத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எனக்கு அப்போதே என்னவோ போலிருந்தது. ஆனால் நானும் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை வண்டி வாசலில் நின்றது. கதவுக்குப் பக்கத்தில் பாத்திரப் பை. என் மகள் கட்டி வைத்தது, குழந்தை உயரத்துக்கு இருந்தது. குக்கர், இரண்டு சட்டி, கத்தி, துண்டில் சுற்றிய எண்ணெய் பாட்டில். எல்லாவற்றுக்கும் மேலே என் அரிசிப் பொட்டலம். அதைத் திணித்து வாயை இறுக்கி முடிச்சுப் போட்டது நான். மகன் வண்டியிலிருந்து, "அந்தப் பாத்திரப் பையை எடுத்துட்டு வா, நேரமாச்சு" என்றான்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். தோளில் கைப்பை. பாத்திரப் பையைப் பார்த்தாள். குனியவில்லை.

"நான் பஸ்ல போறேங்க."

"எதுக்கு? வண்டில இடம் இருக்கே."

"அந்தப் பை வர்ற வண்டில எனக்கு இடம் வேண்டாம். ஒரு மணிக்கு அந்த மாடிக் கடையில ஜன்னல் ஓரமா உட்கார்ந்திருப்பேன். வர்றவங்க வாங்க. வராதவங்க வீட்டுல சமைச்சுச் சாப்பிடுங்க."

என்ன விளையாட்டு இது, ஊர் என்ன சொல்லும் என்றான் அவன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. இருநூற்று நாற்பது பேருக்கு நடுவில் பேசுகிறவளுக்குக் கத்தத் தெரியாதா? தெரியும். கத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அந்தக் கடையில மீனை மெத்துன்னு வேக வெச்சும் தருவாங்களாம். அன்னைக்கே கேட்டுட்டேன். நீங்க என்னைக் கேட்கல."



"அம்மா, நீயாவது சொல்லேன்" என்றான் மகன். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். நானே போட்ட முடிச்சு, லேசில் வரவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அரிசிப் பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். கறிகாய்ப் பையும் தூக்குச்சட்டியுமாகவே அவளைப் பார்த்த தெரு அது. அன்றைக்கு ஒரு கை முழுக்கக் காலி. அந்தக் கையை நன்றாக வீசி, பஸ் நிற்கிற பக்கமாக நடந்துபோனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.