அப்பா நிற்காத சாமத்தியவீடு

கடுகு வெடிக்கும் சத்தம் எங்கள் குசினியில் அப்பா வயலுக்குப் போன பிறகுதான் எழும்பும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்பதால், அவர் திரும்பி வருமுன்பே அம்மா தாளிப்பதை முடித்துவிடுவார். ஆரையும் முகம் பார்த்துக் கதைக்காத அப்பாவுக்கு எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்தில் ‘கெப்பர் பிடிச்ச மனுசன்’, தலைக்கனம் பிடித்தவர், என்று பெயர்.

நான் பெரியபிள்ளையான வருடம், முற்றத்தில் பந்தல் போட்டு, வேப்பமரத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சாமத்தியவீடு வைத்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வந்தவர்களை அம்மா தனியே நின்று வரவேற்க, அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, “பெத்த பிள்ளையின்ர சடங்கில நிற்காதவன் என்ன தகப்பன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்; பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒலிபெருக்கியைக் கழற்றிய பிறகு அப்பா வந்தார், கால் கழுவினார், சாப்பிட்டார். அம்மா பரிமாறினார். பட்டுச்சேலையோடு இருந்த என்னை அப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை.

போரின் கடைசி இடம்பெயர்வில் அப்பாவை இழந்தோம். அந்த மாதங்களின் சத்தத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் கதைப்பதில்லை.

போன கிழமை, காதைப் பொத்திக்கொண்டே வளரும் என் மகனை அம்மாவோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு ஓட்டிசம், மதியிறுக்கம், என்று அங்கே முன்பே சொல்லியிருந்தார்கள். டொக்டர் இம்முறை குடும்பத்தைப் பற்றிக் கேட்க, அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சத்தம், முகம் பார்ப்பது, பழக்கம் மாறினால் வரும் பதற்றம் என்று என்னிடமும் கேள்விகள் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி போட்டார்.

“இது இருக்கு, இல்லை எண்டு ரெண்டாப் பிரிக்கிற விசயமில்லை. உயரம் மாதிரி, அளக்கலாம். ஒரு குடும்பத்தில ஒராளுக்குக் கூட, ஒராளுக்குக் குறைய. உங்களுக்கும் கொஞ்சம் இருக்கு. நீங்கள் சொல்லுறதைப் பார்த்தா, உங்கட அப்பாவுக்கும் இருந்திருக்கலாம்.”

“ஓம்” என்றேன்.

பஸ் நிலையத்தில், அம்மா மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

“உன்ர அப்பா ஒருநாளும் என்ர முகத்தைப் பார்த்துக் கதைச்சதில்லை. என்னைப் பிடிக்காமல்தான் கட்டினவர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“அப்ப, பிடிச்சிருக்குமோ?”

கேட்பதற்கு அப்பா இல்லை. மாமாவும் இல்லை, அந்தப் பந்தலில் அன்று சிரித்தவர்களில் பலரும் இல்லை. பஸ் வந்தது. ஏறி இருந்தோம்.